அலமாரியிலிருந்து திரைக்கு வந்த ஆய்விதழ்கள்

நூலகத்தில் இடம் போதவில்லை என்றால் என்ன செய்வார்கள்? இன்னொரு கட்டடம் எழுப்புவார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டெனிசன் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பேச்சு எழுந்தது. ஆனால், அதன் அறங்காவலர்களில் ஒருவரான வில்லியம் போவன் வேறு விதமாகச் சிந்தித்தார். அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர். அப்போது மெல்லன் அறக்கட்டளையின் தலைவர்.

1665-இல் லண்டனில் அரச கழகத்தின் இதழ் வெளிவந்த காலம்தொட்டு, அறிஞர்கள் தங்கள் கண்டுபிடிப்புகளை ஆய்விதழ்கள் வழியாகவே உலகுக்கு அறிவித்து வந்தனர். ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்த அந்தத் தொகுதிகள் அலமாரிகளை நிறைத்துவிட்டன. ஒவ்வொரு நூலகமும் அதே இதழ்களைக் கட்டிக் காப்பதற்குப் பதிலாக, எல்லாரும் பயன்படுத்தும்படி கணினியில் ஏற்றினால் என்ன என்று போவன் கேட்டார்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் துணையுடன், பொருளியல், வரலாறு ஆகிய துறைகளின் 10 இதழ்களைக் கொண்டு சோதனை தொடங்கியது. 1995-இல் 'ஜேஸ்டோர்' இலாப நோக்கமற்ற தனி அமைப்பாக உருவெடுத்தது. திரையில் அச்சுப் பக்கம் அப்படியே படமாகத் தெரியும். கணினி வாசித்தறிந்த எழுத்துகள் அதன் பின்னால் மறைந்திருக்கும். ஒரு சொல்லைத் தட்டினால், நூறாண்டுப் பக்கங்களிலும் தேடித் தரும்.

சந்தாதாரர்களை இழந்துவிடுவோமோ எனப் பதிப்பாளர்கள் அஞ்சினர். அதற்கும் வழி பிறந்தது. அண்மைய சில ஆண்டு இதழ்களை மட்டும் விட்டுவிட்டு, பழையவற்றை ஏற்றினார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த எல்லை ஓராண்டு முன்னோக்கி நகரும்.

இதில் நமக்கும் பங்குண்டு. 1877-இல் சிங்கப்பூரில் தொடங்கிய அரச ஆசியக் கழகக் கிளையின் ஆய்விதழ் 1878-இல் வெளிவந்தது. மலாயாவின் வரலாற்றையும் மொழிகளையும் பதிவு செய்த அந்த இதழ்களை இன்று ஜேஸ்டோரில் வாசிக்கலாம்.

ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. அச்சிதழின் சந்தாவை நிறுத்தினாலும், வாங்கிய பழைய இதழ்கள் நூலகத்திலேயே இருக்கும். இணைய இதழ்கள் பலவற்றின் கதை வேறு. சந்தா நின்றால், பழைய இதழ்களுக்கும் கதவு மூடிக்கொள்ளலாம். விலைக்கு வாங்கிய சொத்து வாடகைப் பொருளாகிவிட்டது!

இதை உணர்ந்த ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 1999-இல் 'லாக்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. பல நூலகங்களின் கணினிகள் ஒரே இதழின் படிகளை வைத்திருக்கும். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பழுதானதைச் சரிசெய்துகொள்ளும். ஓலைச்சுவடிகளைப் படியெடுத்துக் காத்த நம் முன்னோர் அறிந்திருந்த வழிதான் இது. 2011-இல் ஜேஸ்டோரும் ஏறத்தாழ 5 லட்சம் பழைய கட்டுரைகளை அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

இடப் பற்றாக்குறைக்கு விடை கண்டாயிற்று. இனிக் கவனிக்க வேண்டியது, அந்த அறிவுக் களஞ்சியத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான்.