ரப்பர் போனது, அரிசி வந்தது

சித்தேரி மலையும் அதன் அடிவாரத்து அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஊர்களும் 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தன. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் கட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. சாமையும் ராகியும் தின்று வளர்ந்தவர்கள் மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்து, லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியேறி ரேஷன் கூப்பன் அரிசிக்குக் காத்து நின்றார்கள். அப்படிப் போன தமிழர்களின் கையும் பட்ட ஒரு பண்டம்தான், ஐ.நா. விதித்த தடையை மீறி இலங்கையையும் சீனாவையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. அது ரப்பர் ஷீட்.

அதன் வேர் பிரேசிலில் இருக்கிறது. அமேசான் காட்டு விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876-இல் நாற்றுகளாக இலங்கைக்கு வந்தன. கம்பகா பக்கம் ஹெனரத்கொடையில் நட்ட அந்த மரங்களின் வழியாகக் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிச் சரிவுகளெல்லாம் ரப்பர் காடுகளாயின.

வெயில் ஏறினால் பால் குறையும் என்பதால் பால்வெட்டு விடியலிலேயே தொடங்கிவிடும். பட்டையைச் சாய்வாக, மரத்துக்குக் காயம் படாமல், மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் கெடும், மேலோடு நின்றால் பால் வராது. வெட்டின் வழியே வழிந்து சிரட்டையில் சொட்டும் பாலை வாளியில் சேர்த்து, வடிகட்டித் தண்ணீர் கலந்து, அமிலம் ஊற்றித் தட்டுகளில் உறைய விடுவார்கள். உறைந்ததை உருளையில் கொடுத்து வரிவரியாக அழுத்தி, புகைக்கூடத்தில் நாள்கணக்கில் தொங்கவிட்டால் வெள்ளை நிறம் போய்த் தேன் நிறம் ஏறும். பிறகு ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குமிழியும் தூசியும் இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை.

கொரியப் போர் தொடங்கியதும் ரப்பர் விலை உச்சிக்குப் போயிற்று. 1952-க்குள் அது சரிந்துவிட்டது. அதே நேரத்தில் உலகச் சந்தையில் அரிசி தட்டுப்பாடாகி விலை ஏறியது. அரிசியை இறக்குமதி செய்து சாப்பிடும் தீவுக்கு விற்பதிலும் அடி, வாங்குவதிலும் அடி. சீனாவின் நிலையோ நேர்மாறு. லாரி டயருக்கு ரப்பர் தேவை, ஆனால் போர்த்தளவாடப் பொருள்களைச் சீனாவுக்கு விற்கக் கூடாது என்று 1951-இல் ஐ.நா. தடை போட்டிருந்தது. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினர் அல்ல. 1955-இல்தான் சேர்ந்தது.

பிரதமர் டட்லி சேனநாயக்காவின் அரசு மேற்குலகின் பக்கம் சாய்ந்த அரசு. கம்யூனிசத்தின் மீது அதற்குத் துளியும் பிரியம் கிடையாது. ஆனாலும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கா பீக்கிங் போய்ப் பேசினார். 1952 டிசம்பர் 18-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 2,70,000 டன் அரிசி சீனாவிலிருந்து வரும், 50,000 டன் ரப்பர் இலங்கையிலிருந்து போகும். ரப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதல் விலை தரவும் சீனா சம்மதித்தது. அமெரிக்கா தன் சட்டத்தைக் காட்டி 1956 வரை இலங்கைக்கு உதவியை நிறுத்தி வைத்தது. இலங்கையும் சீனாவும் முறையான தூதரக உறவு கொண்டது 1957-இல்தான். தூதர்களுக்கு முன்பே கொழும்புத் துறைமுகத்திலிருந்து ரப்பர் போய்விட்டது.

அரிசி இலங்கையில் அரசையே ஆட்டி வைக்கும் பொருள். 1953-இல் கூப்பன் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதும் ஆகஸ்டில் ஹர்த்தால் வெடித்தது, அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அவ்வளவு பெரிய அரிசிக் கணக்கின் மறுபக்கத்தில் நின்றது ரப்பர்.

அந்த ரப்பருக்குப் பால் வெட்டியவர்களில் சிங்களரோடு நம்மவர்களும் இருந்தார்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டம் இந்தத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1952-இல்தான் வாக்குரிமை கேட்டு இலங்கை இந்தியர் காங்கிரஸ் சத்தியாகிரகம் நடத்தியது. பலன் கிடைக்கவில்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. தாயகம் திரும்பியவர்களில் சிலர் கன்னியாகுமரி அரசு ரப்பர் தோட்டங்களில் மறுபடி அதே கத்தியைப் பிடித்தார்கள். இலங்கையிலேயே தங்கி நாடற்றுக் கிடந்த மிச்சப் பேருக்கு 2003-இல்தான் குடியுரிமைக்கு வழி பிறந்தது.

சின்ன நாடு துணிந்தால் வல்லரசுகளுக்கு நடுவே தன் வயிற்றைக் காத்துக்கொள்ளலாம் என்பதற்கு ரப்பர்–அரிசி ஒப்பந்தம் நல்ல சான்று. அதைப் போற்றுவது நியாயம். ஆனால் தன் குடிமக்களின் சோற்றுக்காகக் கொள்கையையே வளைத்த அரசுக்கு, அந்தச் சோற்றைச் சம்பாதித்துக் கொடுத்த கைகளுக்குக் குடியுரிமை தர மனம் வளையவில்லை. இந்த ஒப்பந்தத்தைப் பாடப்புத்தகத்தில் எழுதுகிறவர்கள் அமைச்சர்களின் பெயரோடு பால்வெட்டுத் தொழிலாளர்களையும் எழுத வேண்டும். அந்தத் தொழிலாளர்களின் உழைப்பை ஈடாக வைத்துத்தான் அந்த அரிசி வந்தது.