பூட்டிய வாசலுக்கு வெளியே நின்ற நிருபர்கள்

1975 மார்ச் 15. கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம், நம்ம ஆட்கள் பாகிஸ்தானோடு. மிஷன் வீதியில் ஒரு டீக்கடை வாசலில் நாங்கள் நாற்பது பேர் ரேடியோவைச் சுற்றி நின்றோம். வர்ணனை ஜஸ்தேவ் சிங். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தி தெரியாது. குரல் ஏறினால் பந்து கோல் பக்கம் போகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். 2-1 என்று ஜெயித்தோம். மறுநாள் பேப்பரில் அஜித்பால் சிங் படத்தைப் பார்த்த பிறகுதான் முழுசாக நம்பினோம்.

அந்தக் காலத்து நிருபர்கள் அணி தங்கியிருக்கும் ஹோட்டல் வரை போவார்கள். பயிற்சி முடிந்து வருகிற ஆட்டக்காரரை ஓரமாக நிறுத்தி நாலு வார்த்தை கேட்பார்கள். கேப்டனுக்கும் கோச்சுக்கும் ஆகவில்லை, கணுக்காலில் வீக்கம் என்று சின்னச் சின்ன சேதியெல்லாம் நமக்கு வந்தது இப்படித்தான். அந்த வழி ஒரு நாளில் அடைபட்டதை நாம் 2020-ல் பார்த்தோம்.

அந்த வருஷம் மார்ச் 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக் ஒத்திவைப்பு அறிவிப்பு வந்தது. அன்று ராத்திரியே நாடு முழுக்க ஊரடங்கு. நமக்கு இங்கே கோரிமேட்டைத் தாண்ட முடியவில்லை, கடற்கரைச் சாலையில் கால் வைக்க முடியவில்லை. அதே சமயம் பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணைய வளாகத்துக்குள் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் மாட்டிக்கொண்டன. ஜூன் 19 அன்று வீட்டுக்குப் போக விடுப்பு கொடுக்கும் வரை, கிட்டத்தட்ட மூன்று மாதம் அந்தச் சுவருக்குள்தான். வெளியாள் யாருக்கும் அனுமதி கிடையாது. நிருபர்களுக்கும்தான்.

அப்புறம் பேட்டியெல்லாம் ஜூமில். எனக்கு வீட்டில் வேறு வேலை இல்லாததால் மூன்று நான்கு பேப்பரை போனிலேயே படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே சேதி. எல்லோரும் ஒரே கூட்டத்தில் ஒரே பதிலைக் கேட்டு எழுதினால் வேறு எப்படி இருக்கும்? பழைய ஆட்டங்களின் வீடியோ பார்க்கிறோம், உடம்பைப் பேணுகிறோம், மனசு திடமாக இருக்கிறது. பொய் என்று சொல்லவில்லை. பெண்கள் அணி அங்கே இருந்தபடியே சமூக வலைத்தளத்தில் உடற்பயிற்சிச் சவால் நடத்தி, ஊரடங்கில் அவதிப்பட்ட ஏழைகளுக்காக 20 லட்சம் ரூபாய் திரட்டியது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் கணினித் திரையில் ஒருவரை ஓரமாகக் கூப்பிட்டுப் பேச முடியாது. பக்கத்தில் அதிகாரி இருக்கிறாரா என்று கூட நிருபருக்குத் தெரியாது.

மே மாதத்தில் ஒரு சேதி வந்தது. அந்த வளாகத்துச் சமையல்காரர் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார், பிறகு பார்த்தால் கொரோனா. வயதை முன்னிட்டு மார்ச்சிலேயே வீட்டில் இருக்கச் சொல்லப்பட்டவர். இறப்பதற்குச் சில நாள் முன்பு ஒரு கூட்டத்துக்காக வளாகத்துக்கு வந்திருக்கிறார். வாசல் பக்கத்தோடு சரி, ஆட்டக்காரர்கள் இருக்கும் பகுதிக்குப் போகவில்லை என்று சொன்னார்கள். அப்படியே இருக்கலாம். ஆனால் நேரில் போய்ப் பார்த்து எழுத ஒருவருமில்லை. ஆகஸ்டில் முகாமுக்குத் திரும்பிய கேப்டன் மன்பிரீத் சிங் உட்பட ஆறு பேருக்குத் தொற்று என்றதும், அடுத்த ஏப்ரலில் ராணி ராம்பாலுக்கும் சக வீராங்கனைகள் ஆறு பேருக்கும் தொற்று என்றதும் அறிக்கையாகத்தான் வந்தன.

உலகம் முழுக்க இதே கதைதான். கனடாவில் பனி ஹாக்கி என்றால் நமக்குக் கிரிக்கெட் மாதிரி. அங்கே ஆட்டம் முடிந்த கையோடு நிருபர்கள் உடை மாற்றும் அறைக்குள்ளேயே போய்க் கேள்வி கேட்பது பல வருஷப் பழக்கம். 2020 ஆகஸ்டில் என்.எச்.எல். அமைப்பு 24 அணிகளை டொராண்டோ, எட்மன்டன் என்று இரண்டு ஊர்களில் வேலி போட்டு அடைத்தது. செப்டம்பர் 28 வரை ஆட்டம். முப்பதாயிரத்துக்கும் மேல் பரிசோதனை செய்தும் உள்ளே ஒருவருக்கும் தொற்று இல்லை. நிருபர்கள் அரங்கத்துக்குள் உயரத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கலாம், ஆனால் கேள்வி கேட்பது ஜூமில்தான். நோயைத் தடுத்தார்கள், மறுக்க முடியாது. உயிரைக் காக்கிற வேலிக்கு நான் விரோதி இல்லை.

வந்தனா கட்டாரியா விஷயத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத் அவர் ஊர். 2021 மே மாதக் கடைசியில் அவருடைய தந்தை இறந்துவிட்டார். மகள் பெங்களூரு முகாமில். இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. நம் வீடுகளிலும் அந்த வருஷம் எத்தனை பேர் முகம் பார்க்காமல் அனுப்பினோம், அதனால் இது என்ன வலி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 31 அன்று டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியப் பெண் ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தது அதுதான் முதல் தடவை. அந்தத் தந்தையின் கதையை நாடு முழுக்க அறிந்தது அதற்குப் பிறகுதான்.

ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 2-1 என்று தோற்றோம். அன்றைக்கே வந்தனாவின் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்து, ஆடி, சாதி சொல்லி ஏசியிருக்கிறார்கள். தலித் பெண்கள் அதிகமாகச் சேர்ந்ததால்தான் அணி தோற்றது என்று கத்தினார்களாம். அவருடைய சகோதரர் போலீசில் புகார் கொடுத்தார். வழக்குப் பதிவாகி ஆட்கள் கைதானார்கள். இந்தச் சேதி எங்கிருந்து வந்தது பாருங்கள். டோக்கியோவில் பார்வையாளரே இல்லாத அரங்கில், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு மீட்டர் தள்ளி நின்ற நிருபர்களுக்கு இது கிடைத்திருக்காது. ரோஷ்னாபாத் தெருவுக்கு நடந்து போய்க் கதவைத் தட்டியவர்களுக்குக் கிடைத்தது. நாட்டுக்காக விளையாடுகிறோம், சாதிப் பேச்சு கூடாது என்று பின்னர் வந்தனா சொன்னார். ராணி ராம்பாலும் வெட்கக்கேடு என்று சொன்னார்.

அந்த ஆகஸ்ட் 5 அன்று ஆண்கள் ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கினார்கள், 41 வருஷத்துக்குப் பிறகு ஹாக்கியில் பதக்கம். நம்ம சென்னை பாஸ்கரன் கேப்டனாக இருந்து மாஸ்கோவில் தங்கம் வாங்கியதற்கு அப்புறம் இதுதான். மறுநாள் பெண்கள் பிரிட்டனிடம் 4-3 என்று தோற்று நான்காவது இடம். மாடியில் பேரனோடு உட்கார்ந்து இரண்டையும் டி.வி.யில் பார்த்தேன், இரண்டுக்கும் அழுதேன்.

2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை சென்னைக்கு வந்தபோது கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் பிடித்து எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்துக்குப் போனேன். இறுதி ஆட்டத்தில் மலேசியா பாதி நேரத்தில் 3-1 என்று முன்னால் இருந்தது, கடைசியில் நாம் 4-3. கூட்டம் கலைந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு, முகக்கவசம் இல்லாமல், ஒரு இளம் நிருபர் வியர்த்துப்போயிருந்த ஆட்டக்காரர் ஒருவரிடம் முகத்துக்கு முகம் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.