கப்பல் தளத்திலிருந்து வந்த எக்கோ

"ஈசிஜிதான் எடுத்தாச்சே, எக்கோ எதுக்கு?" நம்மில் பலரும் கேட்கிற கேள்வி. எனக்குப் பதில் கிடைத்த இடம், சுவீடனின் லுண்ட் நகரம், 1953.

மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் அறுவை சிகிச்சையில் விரித்துவிடலாம். அதே வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிந்தால்? விரிப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். கத்தி வைக்கும் முன் இரண்டையும் பிரித்தறிவதுதான் இதய மருத்துவர் எட்லரின் தலைவலி.

இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸ் ஒரு வழி சொன்னார். கப்பல் கட்டும் தளங்களில் உலோக விரிசலைத் தேடும் மீயொலிக் கருவியை நெஞ்சின் மேல் வைத்தார்கள். அசையும் இதயச் சுவரிலிருந்து எதிரொலி திரும்பி வந்தது!

ஈசிஜி இதயத்தின் மின்னோட்டத்தைச் சொல்லும். கதவு திறக்கிறதா, மூடுகிறதா என்பதை எக்கோதான் காட்டும். லாக் படிப்பது வேறு, ஓடுகிற இயந்திரத்தைப் பார்ப்பது வேறு இல்லையா?