காலியான நாற்காலியும் குடியரசுத் துணைத் தலைவரும்

இந்தியாவின் இரண்டாவது உயர்ந்த பதவி எது என்று கேட்டால், குடியரசுத் துணைத் தலைவர் பதவி என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பதவிக்கென்று தனிச் சம்பளம் கிடையாது என்பது பலருக்கும் தெரியாது. மாநிலங்களவைத் தலைவர் என்ற முறையில்தான் அவருக்குச் சம்பளம் தரப்படுகிறது. துணைத் தலைவராக இருப்பதற்கு ஒரு ரூபாய்கூட இல்லை!

அரசியலமைப்புச் சட்டமும் இந்தப் பதவியைப் பற்றி அதிகம் பேசவில்லை. இந்தியாவுக்கு ஒரு குடியரசுத் துணைத் தலைவர் இருப்பார் என்று 63-ஆவது பிரிவு ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. அவரே மாநிலங்களவையின் தலைவர் என்கிறது 64-ஆவது பிரிவு. குடியரசுத் தலைவர் இறந்தாலோ, விலகினாலோ, நீக்கப்பட்டாலோ புதியவர் வரும்வரை இவர் அந்தப் பொறுப்பைப் பார்ப்பார் என்கிறது 65-ஆவது பிரிவு. அமெரிக்காவில் அதிபர் இறந்தால் துணை அதிபர் மீதிக் காலம் முழுவதும் அதிபராகவே இருப்பார். இந்தியாவில் அப்படி இல்லை. ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்திப் புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரைதான் துணைத் தலைவர்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இதை வெறும் அலங்காரப் பதவி என்று சொல்கிறார்கள். அது சரியா? 1969-ஆம் ஆண்டிலும் 1977-ஆம் ஆண்டிலும் நடந்தவற்றைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

1969: பதினான்கு வங்கிகளும் ஒரு கையெழுத்தும்

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். பதவியில் இருக்கும்போதே இறந்த முதல் குடியரசுத் தலைவர் அவர்தான். அன்றே துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்புக் குடியரசுத் தலைவர் ஆனார்.

அப்போதுதான் சட்டத்தில் இருந்த ஓர் ஓட்டை கண்ணில் பட்டது. தலைவர் இல்லாவிட்டால் துணைத் தலைவர், சரி. துணைத் தலைவரும் இல்லாவிட்டால்? அரசியலமைப்பில் அதற்கு நேரடியான பதில் இல்லை. இப்படி எதிர்பாராத நிலை வந்தால் நாடாளுமன்றம் வழி செய்துகொள்ளலாம் என்று 70-ஆவது பிரிவு மட்டும் சொல்லியிருந்தது. அதன்படி 1969-இலேயே அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள். இருவரும் இல்லாத நிலையில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும், அவரும் இல்லையென்றால் அங்குள்ள மூத்த நீதிபதியும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று அது கூறியது.

அந்தச் சட்டத்துக்கு உடனே வேலை வந்துவிட்டது. கிரி குடியரசுத் தலைவர் தேர்தலில் சுயேச்சையாக நிற்க முடிவு செய்தார். ஜூலை 20 அன்று பதவி விலகினார். அவர் விலகுவதற்கு முந்தைய நாள், அதாவது ஜூலை 19 அன்று, ஓர் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை வைத்திருந்த 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமை ஆக்கிய சட்டம் அது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பதினான்கில் அடக்கம். இன்று புதுச்சேரியின் முன்னோடி வங்கியாக இருப்பது அதே இந்தியன் வங்கிதான். நாடாளுமன்றம் கூட இரண்டே நாள் இருந்தது. அதற்குள் நாட்டின் வணிக வரலாற்றையே மாற்றிய ஒரு முடிவு, மறுநாள் வீட்டுக்குப் போகப்போகிற ஒரு தற்காலிகத் தலைவரின் கையெழுத்தில் சட்டமாகிவிட்டது!

கிரி விலகியதும் தலைமை நீதிபதி எம். ஹிதயத்துல்லா பொறுப்பேற்றார். வங்கிகள் பற்றிய மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஆகஸ்ட் 9 அன்று ஒப்புதல் பெற்றபோது கையெழுத்திட்டவர் அவர். ஆக, அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் துணைத் தலைவர், அசல் சட்டத்தில் கையெழுத்திட்டவர் நீதிபதி. இருவருமே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்.

ஆகஸ்ட் 16-இல் தேர்தல் நடந்தது. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு கிரி 4,20,077 மதிப்பும், நீலம் சஞ்சீவ ரெட்டி 4,05,427 மதிப்பும் பெற்றார்கள். கிரி வென்றார். 1970 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வங்கிச் சட்டத்தைச் செல்லாது என்று சொன்னது. நான்கு நாளில் புதிய அவசரச் சட்டம் வந்தது. அதிலும் கையெழுத்து கிரியுடையதுதான். இந்த முறை முழுக் குடியரசுத் தலைவராக!

அதே மாதங்களில் பிரான்சில்

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு சுவையான ஒப்பீடு உண்டு. 1969 ஏப்ரல் 28 அன்று பிரான்சின் அதிபர் சார்ல் தெ கோல் பதவி விலகினார். பிரான்சில் துணை அதிபர் பதவி கிடையாது. செனட் சபையின் தலைவர்தான் இடைக்காலப் பொறுப்பை ஏற்க வேண்டும். அப்படி வந்தவர் அலேன் போயர். அவரும் அதிபர் தேர்தலில் நின்றார். ஆனால் பொறுப்பிலிருந்து விலகாமலேயே நின்றார்! ஜூன் 15 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் ஜார்ஜ் பொம்பிதுவிடம் தோற்று, செனட் தலைவராகவே தொடர்ந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிரியும் விலகாமலேயே நின்றிருக்கலாம். துணைத் தலைவராக இருப்பதே ஒருவரைத் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் ஆக்கிவிடாது என்று 58-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பின்னாளில் ஆர். வெங்கட்ராமன் (1987), கே.ஆர். நாராயணன் (1997) ஆகியோர் துணைத் தலைவர்களாக இருந்துகொண்டே போட்டியிட்டு வென்றார்கள். ஆனால் கிரி வெறும் துணைத் தலைவர் அல்ல, குடியரசுத் தலைவரின் பொறுப்பிலேயே இருந்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அதற்கு ஓட்டுக் கேட்பது முறையல்ல என்பது எழுதப்படாத விதி.

இன்னொரு வேறுபாடு அதைவிடப் பெரியது. பிரெஞ்சு அரசியலமைப்பு இடைக்காலத் தலைவரின் கையைக் கட்டிப்போடுகிறது. அவர் பொது வாக்கெடுப்பு நடத்த முடியாது, தேசிய சபையைக் கலைக்க முடியாது. இந்தியாவிலோ பொறுப்பில் இருப்பவருக்குக் குடியரசுத் தலைவரின் எல்லா அதிகாரமும் உண்டு. ஏன் இந்த வேறுபாடு? பிரான்சின் அதிபர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, தாமே முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர். அந்த அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் கைக்குப் போவது ஆபத்து. இந்தியாவில் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். முடிவுக்குப் பொறுப்பு அமைச்சரவை, அமைச்சரவைக்குக் கணக்குக் கேட்பது மக்களவை. அதனால் கையெழுத்திடுபவர் மாறினாலும் அரசு ஒரு நாள்கூட நிற்பதில்லை.

ராஜ்நிவாஸிலிருந்து டெல்லிக்கு

1969-இல் டெல்லியில் இவ்வளவும் நடந்தபோது புதுச்சேரி ராஜ்நிவாஸில் துணைநிலை ஆளுநராக இருந்தவர் பி.டி. ஜாட்டி. மைசூர் மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர். இவர் 1974-இல் குடியரசுத் துணைத் தலைவர் ஆனார். 1977 பிப்ரவரி 11 அன்று குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது இறந்ததும் பொறுப்பேற்றார். புதிய தலைவர் வந்த ஜூலை 25 வரை, ஐந்தரை மாதத்துக்கும் குறைவான காலம்தான்.

அந்தக் குறுகிய காலத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. மார்ச் 24 அன்று காங்கிரஸ் அல்லாத முதல் பிரதமராக மொரார்ஜி தேசாய்க்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். பிறகு ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைக்கச் சொல்லி அமைச்சரவை கோப்பை அனுப்பியது. ஜாட்டி உடனே கையெழுத்திடவில்லை, தயங்கினார். நாடே பரபரப்பானது. கடைசியில் ஏப்ரல் 30 அன்று கையெழுத்திட்டார்.

அவருக்கு வேறு வழியும் இல்லை. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று 1976-இல் கொண்டுவந்த 42-ஆவது திருத்தம் கட்டாயமாக்கியிருந்தது. ஒருமுறை திருப்பி அனுப்பி மறுபரிசீலனை செய்யச் சொல்லலாம் என்ற உரிமை 44-ஆவது திருத்தத்தில்தான் (1978) வந்தது. ஜாட்டியின் தயக்கம் அதற்கு முன்னோடி என்றுகூடச் சொல்லலாம்.

அதன் பிறகு 1977-இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானவர், 1969-இல் தோற்ற அதே சஞ்சீவ ரெட்டி. 1979-இல் துணைத் தலைவரானவர், 1969-இல் பொறுப்பேற்ற அதே ஹிதயத்துல்லா. வரலாறு சில பெயர்களை விடுவதே இல்லை!

2025: மீண்டும் ஒரு காலி இடம்

2025 ஜூலை 21 அன்று துணைத் தலைவர் ஜக்தீப் தன்கர் தம் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே விலகினார். பொறுப்புத் துணைத் தலைவர் என்று ஒருவர் அரசியலமைப்பில் கிடையாது. மாநிலங்களவையை அதன் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் நடத்தினார். ஆனால் மேலே இருக்கும் நாற்காலிக்கு மாற்று ஆள் யாரும் இல்லாமல் ஏழு வாரங்கள் கழிந்தன. அந்த நாட்களில் குடியரசுத் தலைவருக்கு ஏதாவது நேர்ந்திருந்தால், கைகொடுத்திருக்கக்கூடியது 1969-இல் போட்ட அந்தச் சின்னச் சட்டம் மட்டுமே.

செப்டம்பர் 9 அன்று நடந்த தேர்தலில் திருப்பூரைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் 452 வாக்குகள் பெற்று வென்றார். எதிர்த்து நின்ற பி. சுதர்சன் ரெட்டி 300 வாக்குகள் பெற்றார். ராதாகிருஷ்ணன் 2024-இல் சில மாதங்கள் புதுச்சேரி துணைநிலை ஆளுநர் பொறுப்பைக் கூடுதலாகக் கவனித்தவர். ஜாட்டிக்குப் பிறகு ராஜ்நிவாஸ் வழியாகத் துணைத் தலைவர் பதவிக்குப் போனவர் இவர்.

ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பதில் புதுச்சேரிக்கு எவ்வளவு பங்கு? குடியரசுத் தலைவர் தேர்தலில் புதுச்சேரி சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கலாம். அந்த உரிமையே 1992-இல் நிறைவேறிய 70-ஆவது திருத்தத்தால்தான் கிடைத்தது. 1969-இல் கிரியையோ ரெட்டியையோ தேர்ந்தெடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. துணைத் தலைவர் தேர்தலிலோ எந்த மாநிலத்தின் சட்டமன்றத்துக்கும் இடமில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். மொத்தம் இரண்டு ஓட்டு.

பொறுப்புக்கு வரும் துணைத் தலைவர் சட்டமன்றங்களைக் கலைக்கும் ஆணையில் கையெழுத்திட வேண்டியிருக்கும் என்பதை 1977 காட்டிவிட்டது. அப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் சட்டமன்றங்களுக்கு ஒரு வாக்குகூட இல்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம். காலியாக இருக்கும்வரை யாரும் கவனிக்காத பதவி இது. தேவைப்படும் நாளிலோ முழு நாட்டின் அதிகாரமும் அந்த ஒரு பேனாவில் வந்து நிற்கிறது. பேனாவில் மை ஊற்றுவது அமைச்சரவையாக இருக்கலாம். அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதும் முக்கியம்தான்.