மந்திரத்தின் விலை: வகுப்பு, சமநிலை, கழுமரம்

1

மாசி மாதக் கடைசி ஞாயிறன்று சமயபுரத்தில் பூச்சொரிதல். அன்று தொடங்கி 28 நாள் மாரியம்மனுக்குச் சமைத்த சோறு கிடையாது. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம், அவ்வளவுதான். பச்சைப் பட்டினி என்று பேர். மற்ற ஊர்களில் பக்தர்கள் சாமிக்காக விரதம் இருக்க, இங்கே ஊருக்காக அம்மன் விரதம் இருக்கிறாள். கொடுக்கிறவளே பட்டினி கிடக்க வேண்டும் என்று ஒரு ஊர் விதித்திருக்கிறது. இதைப் பக்தியாக மட்டும் வாசிக்கத் தேவையில்லை. சக்தி என்ற ஒன்று இருந்தால் அதற்கு ஒரு விலை இருந்தாக வேண்டும் என்ற மக்கள் நியாயமாகவும் வாசிக்கலாம்.

இது ஞாபகத்துக்கு வரக் காரணம் என் தங்கை மகன். காகிதம், பென்சில், பலமுகப் பகடை வைத்துக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்து கதையாடும் விளையாட்டு ஒன்று அவனுக்குப் பித்து. ஆளுக்கு ஒரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி. கதையை நடத்த ஒருவர், நம்ம கூத்துக் கட்டியங்காரன் மாதிரி. ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னான்: "வாள்காரனா ஆடறது வேஸ்ட் மாமா. ஆரம்பத்துல மந்திரவாதிய நான்தான் காப்பாத்துறேன். அவன் பெரிய ஆளானதும் எனக்கு வேலையே இல்ல."

விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடலாம். ஆனால் இது எங்கேயோ கேட்ட குரல் இல்லையா?

2

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். இதன் தகப்பன் போர் விளையாட்டு. பிரஷ்ய ராணுவம் 19ஆம் நூற்றாண்டில் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர உண்டாக்கிய மேசைப்போரின் வம்சம். போர் விளையாட்டில் சமநிலை என்பது படைக்கும் படைக்கும் இடையிலானது. இங்கே எல்லோரும் ஒரே அணி. ஆகவே எதிரியை எப்படிச் சமப்படுத்துவது என்ற பழைய கேள்வி, கூட இருப்பவனை எப்படிச் சமப்படுத்துவது என்று மாறிவிட்டது.

அந்த முதல் நூல்கள் மந்திரத்துக்கு விலை வைத்தன. மந்திரவாதிக்குக் கவசம் இல்லை. கத்தியைத் தவிர ஆயுதம் இல்லை. இரண்டாம் படிக்கு ஏற வீரனுக்கு 2000 புள்ளி, மந்திரவாதிக்கு 2500. மந்திரத்தை முன்கூட்டியே மனனம் செய்ய வேண்டும், சொன்னதும் அது மனசிலிருந்து அழிந்துபோகும். இந்தக் கடைசி விதி ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட கதைகளிலிருந்து எடுத்தது.

ஆனால் இந்த விலை ஆரம்பத்தில் மட்டும் வசூலிக்கப்பட்டது. வீரன் ஒவ்வொரு படியாக ஏற, மந்திரவாதியோ மடங்கு மடங்காகப் பெருகினான். இளைத்த காலத்தில் அவனைச் சுமந்த தோள், கொழுத்த காலத்தில் தேவைப்படவில்லை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லா வகுப்புக்கும் ஒரே புள்ளிக் கணக்கை வைத்தது. அடிபடும் நேரத்திலும் மந்திரம் சிதறாமல் காக்க வழிகளைத் தந்தது. பெயர் சமத்துவம், பலன் மந்திரவாதிக்கு. 2008இல் நான்காம் பதிப்பு எல்லா வகுப்பின் ஆற்றல்களையும் ஒரே வார்ப்பில் ஊற்றியது. 'எல்லாரும் ஒரே மாதிரி ஆயிட்டாங்க' என்று சலசலப்பு எழுந்தது. 2014இல் ஐந்தாம் பதிப்பு, நீடிக்கும் மந்திரங்கள் பலவற்றுக்கு ஒருமுகக் கவனம் வேண்டும், ஒரு நேரத்தில் அப்படி ஒன்றுதான் என்று கட்டுப்போட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய வாதம் ஒன்று உண்டு. வீரனுக்குக் கூடுதலாக ஏதாவது கொடுக்கப் போனால் 'அது யதார்த்தமா இல்லையே' என்பார்கள். மனிதனால் அவ்வளவு தூரம் தாவ முடியுமா? பாறையைப் பிளக்க முடியுமா? பக்கத்தில் ஒருவன் வானத்திலிருந்து நெருப்பை இறக்கிக்கொண்டிருப்பான், அவனிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஏட்டிலிருந்து வரும் ஆற்றலுக்கு எல்லை கிடையாது. உடம்பிலிருந்து வரும் ஆற்றலுக்கு மட்டும் யதார்த்தம் காவல் நிற்கிறது. எழுத்துக்கும் உழைப்புக்கும் இடையே உள்ள பழைய ஏற்பாடு விளையாட்டு விதியாக மாறுவேடம் போட்டு வந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

3

திருச்சி வட்டாரத்துக்கு இந்தப் பிரச்சினை புதிதில்லை. இங்கே இரண்டு கதைகள் உண்டு, ஒன்றில் வாள், மற்றதில் மந்திரம்.

மதுரைவீரன் அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன். பொம்மியை மணந்து, திருச்சி நாயக்கரிடம் படைவேலை பார்த்து, மதுரைக்கு அனுப்பப்பட்டுக் கள்ளரை அடக்கியவன். முடிவு, மாறுகால் மாறுகை. காத்தவராயன் ஊர்க்காவல் பார்க்கும் பறையர் வீட்டில் வளர்ந்தவன், மந்திரம் கற்றவன். தொட்டியத்துச் சின்னான் என்ற பெரிய மந்திரக்காரனை வென்று தோழனாக்கிக் கொண்டவன். பார்ப்பனப் பெண் ஆரியமாலையை விரும்பி, உருமாறிப் போய்த் தூக்கி வந்தவன். முடிவு, கழுமரம். 1956இல் எம்.ஜி.ஆரும் 1958இல் சிவாஜியும் இவர்களைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் காத்தவராயன் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது இதைச் சாதி மோதலின் கதையாகவே படித்தார்.

விளையாட்டின் கேள்வியை இந்தக் கதைகளிடம் கேட்டுப் பார்ப்போம். வாள் பெரிதா, மந்திரம் பெரிதா? கதை சொல்லும் பதில் பயங்கரமானது: இரண்டும் சமம். வாள் வைத்திருந்தவன் வெட்டுப்பட்டான், மந்திரம் வைத்திருந்தவன் கழுவேறினான். நினைத்த உருவம் எடுக்கத் தெரிந்தவன் கழுவுக்கு ஏன் தப்பவில்லை? அவன் மந்திரத்துக்கு உள்ளே எந்தக் குறையும் இல்லை. வெளியே ஓர் எல்லை போட்டிருந்தது, அதன் பேர் பிறப்பு. பிறகு வந்த பாடங்கள் அந்தப் பிறப்பையே திருத்தின. ஒருவன் காசி ராஜாவின் மகனானான், மற்றவன் சிவன் மகனானான். ஆற்றல் மிஞ்சிப் போனால் ஆளின் வகுப்பை மாற்றி எழுதிவிடு, விதியைத் தொடாதே.

வகுப்பு என்ற சொல்லை நான் விளையாட்டாகப் போடவில்லை. ஆங்கிலத்தில் இந்த விளையாட்டுக்காரர்கள் சொல்லும் 'கிளாஸ்' தமிழுக்கு வந்தால் வகுப்புதான். அந்தச் சொல்லுக்கு இங்கே ஒரு சரித்திரம் உண்டு. 1921இல் நீதிக்கட்சி ஆட்சியில் முதல் வகுப்புவாரி ஆணை. அது 1928 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அப்போதும் கேட்ட குரல் இதுதானே: ஏட்டறிவு இயற்கையாக வந்தது, அதைச் சமப்படுத்துவது செயற்கை. எந்த ஏற்பாடும் யாரோ எழுதிய விதிதான் என்பதை மறைக்கிற குரல்.

4

அப்படியானால் சமநிலை என்றால் என்ன? மூன்று வழி பார்த்துவிட்டோம்: மந்திரத்துக்கு விலை வைப்பது, எல்லோரையும் ஒரே வார்ப்பில் ஊற்றுவது, பிறப்பைத் திருத்துவது. நாலாவது ஒன்று உண்டு.

சீரங்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் இராமானுசர் பற்றிக் குருபரம்பரை ஒரு கதை சொல்கிறது. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற ரகசிய மந்திரத்தைக் கோயிலின் மேல் ஏறிக் கூடியிருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டார். வெளியே சொன்னால் நரகம் என்றிருந்தும் சொன்னார். நடந்ததோ இல்லையோ, மந்திரத்தைக் குறைக்காமல் அதன் உடைமையை உடைக்கலாம் என்ற நினைப்பு நம் மரபில் பதிவாகியிருக்கிறது. விலையையும் கொடுத்தவரே ஏற்கிறார். (பின்னால் சாதி அந்தக் கோயில்களை விட்டு ஓடிப்போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

1987இல் ஜோனதன் ட்வீட், மார்க் ரைன்ஹேகன் இருவரும் உண்டாக்கிய 'ஆர்ஸ் மேஜிகா' வேறு பக்கமிருந்து இதே இடத்துக்கு வருகிறது. மந்திரவாதி மற்றவர்களைவிடப் பெரியவன் என்று அது ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. ஆனால் யாரும் எப்போதும் மந்திரவாதியாக இருக்க வேண்டாம். இன்றைக்கு மந்திரவாதியாக இருந்தவர் நாளைக்கு ஈட்டி பிடிக்கும் காவலாளி, கதையை நடத்தும் வேலையும் கைமாறலாம். யாழ்ப்பாணத்து மாரியம்மன் கோயில்களில் ஆடும் காத்தவராயன் கூத்திலும் ஒரே இரவில் காத்தானை ஒருவர் பின் ஒருவராகப் பலர் ஆடுவது வழக்கம். பாத்திரம் ஒன்றுதான், அதைச் சுமக்கும் உடம்பு மாறுகிறது.

தங்கை மகனிடம் இதைச் சொன்னேன். "நாங்க மாத்தி மாத்தி ஆடிப் பாக்கலாம் மாமா. ஆனா இப்ப மந்திரவாதியா இருக்கறவன் ஒத்துக்க மாட்டான்" என்றான்.

ஒத்துக்க மாட்டான்தான். சமயபுரத்தாளைப் பட்டினி போட ஊர் ஒன்றுகூட வேண்டியிருந்தது. இந்த மேசையில் அதற்கு யார் யார் கூடப் போகிறோம்?