யூசோஃப் இஷாக் (1910–1970): சிங்கப்பூரின் முதல் அதிபர்

யூசோஃப் பின் இஷாக் சிங்கப்பூர்க் குடியரசின் முதல் அதிபர். கிராஞ்சியில், போர் நினைவிடத்தை ஒட்டிய அரசாங்க இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1999-இல் அறிமுகமான வெள்ளி நோட்டுகளில் இருப்பது அவர் முகம்தான். ஆட்சி அதிகாரம் முழுவதும் பிரதமரிடமும் அமைச்சரவையிடமும் இருந்ததால், அவரை வெறும் சம்பிரதாயத் தலைவர் என்று ஒரு வரியில் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. அந்த மதிப்பீடு போதாது. அதிகாரமில்லாத பதவிக்குச் சட்டப் புத்தகம் தருவது பெயரும் மாளிகையும் மட்டுமே. அதன் உள்ளடக்கம் முதலில் அமர்பவரின் நடத்தையிலிருந்து வருகிறது. சிங்கப்பூரில் அந்த உள்ளடக்கத்தைத் தந்தவர் யூசோஃப். அதற்கு அவரைத் தயார்படுத்தியது அரசியல் அன்று, பத்திரிகைத் தொழில்.

பேராக் மாநிலத்தின் துரோங் பகுதியில் 1910 ஆகஸ்ட் 12 அன்று, மீன்வளத் துறை அதிகாரி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். 1923-இல் குடும்பம் சிங்கப்பூருக்கு வந்தது. ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்த காலத்தில் ஹாக்கி, நீச்சல், குத்துச்சண்டை எனப் பலவற்றிலும் பெயரெடுத்தார். 1933-இல் பளுதூக்குதலில் தேசிய வெற்றியாளர். 1932-இல் ‘வார்த்தா மலாயா’ நாளிதழில் சேர்ந்தார். அது அல்சகோஃப் என்ற அரபுக் குடும்பத்தின் உடைமை. மலாய்க்காரர்களின் பணத்தில், மலாய்க்காரர்களே நடத்தும் இதழ் ஒன்று வேண்டும் என்று யூசோஃபும் நண்பர்களும் விரும்பினார்கள். பங்கு சேர்க்கத் தீபகற்பத்துக் கம்பங்கள்வரை அவர் அலைந்தார். சிறு வருமானக்காரர்கள் வாங்கிய பங்குகளே முதலாக, ஜாவி எழுத்தில் ‘உத்துசான் மலாயு’ 1939 மே 29 அன்று வெளிவந்தது. இதே நகரில் நான்கு ஆண்டுகளுக்கு முன் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கியதை அறிந்தவர்களுக்கு இந்த முயற்சியின் அருமை புரியும். குடியேற்ற ஆட்சியில் தன் சமூகத்துக்கென ஓர் அச்சகத்தை நிறுத்திக் காட்டுவது பெரிய பொதுப்பணி.

மலாய் உரிமைக்காகவே எழுந்த இதழின் நிறுவனர் பல இனங்களுக்குப் பொதுத் தலைவராவது எப்படிப் பொருந்தும்? நியாயமான கேள்வி. 1950களின் இறுதியில் இதழ் கோலாலம்பூருக்கு இடம் மாறியது; அம்னோ கட்சியின் பிடி இறுகியது. சொந்த இனத்தின் பெயரால் பேசிய கட்சி, ஆட்சியிலும் அதுதான். ஒத்துப்போயிருந்தால் அங்கே அவருக்குக் குறையேதும் இருந்திருக்காது. ஆனால் 1959-இல் பங்குகளை விற்றுவிட்டு, இருபது ஆண்டு உழைப்பை உதறிச் சிங்கப்பூருக்குத் திரும்பினார். கட்சியின் பிடியை எதிர்த்து அந்த இதழின் ஊழியர்கள் 1961-இல் வேலைநிறுத்தமே செய்தார்கள் என்பது அவர் அஞ்சியது வீணில்லை என்பதற்குச் சான்று. தன் சமூகத்துக்காகப் பேசியவர், அச்சமூகத்தின் பெரிய கட்சிக்கு அடிபணியாதவர்: பொதுத் தலைவருக்கு வேண்டிய தகுதி இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

பிரதமர் லீ குவான் இயூவுக்கு வேண்டியவர் என்பதால் பதவி வந்தது என்பது அடுத்த வாதம். லீ ஒரு காலத்தில் உத்துசானின் சட்ட ஆலோசகராக இருந்தவர். பழக்கம் இருந்தது உண்மை. நியமனத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் நியமனம் வேறு, அதன்பின் நடந்துகொண்ட விதம் வேறு. முதலில் பொதுச் சேவை ஆணையத் தலைவராகி, பின்னர் 1959 டிசம்பர் 3 அன்று நகர மண்டபத்தில் யாங் டி-பெர்துவான் நெகாராவாக, அதாவது நாட்டுத் தலைவராகப் பொறுப்பேற்றார். மலாயாவில் பிறந்த ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை. கொடியும் சின்னமும் ‘மாஜுலா சிங்கப்பூரா’ பாடலும் அன்றுதான் நாட்டுக்குரியவை ஆயின. அரசு மாளிகையான இஸ்தானாவின் பெரிய கட்டடத்தில் குடியேறாமல், வளாகத்துக்குள் இருந்த ஸ்ரீ மெலாத்தி என்ற பங்களாவில் மனைவி நூர் ஆயிஷாவுடனும் பிள்ளைகளுடனும் வாழ்ந்தார். 1964-இல் ஜூலையிலும் செப்டம்பரிலும் மூண்ட இனக் கலவரங்களில் 36 பேர் மாண்டபின், தொகுதி தொகுதியாகச் சென்று மக்களைச் சந்தித்தார். பிரிந்துபோன அண்டை வீட்டார் நடுவே மலாய்க்காரரான நாட்டுத் தலைவர் நடந்து போனதை எந்த அரசாணையாலும் ஈடுசெய்திருக்க முடியாது.

அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டனோடு அவரை ஒப்பிடுவதுண்டு. வாஷிங்டன் படைத்தலைவர், நிர்வாகத் தலைவர். யூசோஃபுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. ஒப்புமை வேறிடத்தில் இருக்கிறது. வாஷிங்டன் ஆடம்பரப் பட்டங்கள் இல்லாமல் அழைக்கப்பட்டதும், இரண்டு தவணையோடு 1797-இல் விலகியதும் சட்டம் கேட்டதால் அல்ல; அவர் செய்தார், பின்வந்தவர்கள் அதை நெறியாகக் கொண்டார்கள். இரு தவணை வழக்கம் சட்டமானது 1951-இல்தான்.

1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்ததோடு யூசோஃப் குடியரசின் அதிபரானார். 1968-இல் மாரடைப்பு வந்த பிறகு நூர் ஆயிஷா பல கடமைகளைத் தாமே ஏற்றுச் செய்தார். 1970 நவம்பர் 23 அன்று பதவியிலிருக்கும்போதே யூசோஃப் காலமானார். அடுத்து வந்த பெஞ்சமின் ஷியர்ஸ் யுரேஷிய மருத்துவர். தேவன் நாயர் மலையாளி, தொழிற்சங்கவாதி. வீ கிம் வீ சீனர், அவரும் பத்திரிகையாளர். முதல் நான்கு அதிபர்கள் நான்கு சமூகத்தவர். அப்படி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அப்போது கட்டாயப்படுத்தவில்லை. ஆளைத் தேடியது அரசாங்கம்தான். முதலாமவர் தோற்றிருந்தால் அந்தத் தேடலை மக்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

1991-இல் அதிபர் தேர்தல் முறை வந்ததும் அந்த வழக்கத்துக்குப் பாதுகாப்பு இல்லாமல் போனது. யூசோஃபுக்கு அடுத்த மலாய் அதிபருக்காக 47 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2016-இல் அரசியலமைப்பைத் திருத்தி, ஒரு சமூகத்தவருக்கென ஒதுக்கப்பட்ட தேர்தலைக் கொண்டுவந்த பிறகே, மார்சிலிங்–இயூ டீ குழுத்தொகுதி உறுப்பினராக இருந்த ஹலிமா யாக்கோப் 2017-இல் போட்டியின்றி அதிபரானார். ஒதுக்கீடு தகுதியைக் குறைத்துவிடுகிறது என்ற குறை அப்போது உரக்க ஒலித்தது. வாக்களிக்க முடியாமல் போனவர்களின் வருத்தம் நியாயமானது. ஆயினும் யூசோஃபும் தேர்தலில் வென்று வந்தவர் அல்லர். தகுதியை அவர் பதினோரு ஆண்டுப் பணியால் நிறுவினார். ஹலிமாவையும் 2017 முதல் 2023 வரை அவர் செய்ததைக் கொண்டே எடைபோட வேண்டும்.