வாக்கில்லாதவர்களும் பெரும்பான்மையும்: நீதிக்கட்சியின் வீழ்ச்சி குறித்துச் சில சிந்தனைகள்



ஆளுங்கட்சி ஏன் தோற்றது என்று கேட்டால், நம் ஊர் டீக்கடையிலேயே பத்துக் காரணம் கிடைக்கும். விலைவாசி, ஊழல், கோஷ்டிப் பூசல், கூட்டணிக் கணக்கு. எல்லாம் உண்மையாகவும் இருக்கும். 1926இல் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி தோற்றதற்கும் இப்படிப் பத்துக் காரணங்கள் சொல்லப்பட்டுவிட்டன. அவற்றை நான் மறுக்கவில்லை. அந்தக் கணக்கில் நாம் எங்கே இருந்தோம் என்பதை மட்டும் இன்று பார்க்க விரும்புகிறேன்.

முதலில் எண்கள். 1920 தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் நீதிக்கட்சி 63ஐப் பிடித்தது. 1923இல் 44. 1926இல் 21. அதே 1926இல் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களைப் பெற்றது. 1920இல் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்ததால் எதிரே பலமான ஆள் இல்லை, 1926இல் இருந்தார்கள். தெலுங்கர், தமிழர் பூசல் கட்சிக்குள் புகைந்துகொண்டிருந்தது. 1925இல் தியாகராயச் செட்டியார் மறைந்தார். பனகல் அரசர் கெட்டிக்காரர்தான். ஆனால் கட்சி ஜமீன்தார், மிராசுதார், வணிகர் வட்டத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. பாடநூல்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

அந்த 98 பேரைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? 4 கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 1920இல் வாக்காளர்கள் சுமார் 12 லட்சம் பேர். நிலவரியோ நகராட்சி வரியோ கட்டுகிற அளவுக்குச் சொத்து இருந்தால்தான் ஓட்டு. நிலமே இல்லாத பண்ணையாளுக்கும் சேரியில் குடியிருந்த கூலிக்காரருக்கும் அதில் ஏது இடம்? பொதுத் தொகுதிகளின் 65 இடங்களில் 28 பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன. ஒதுக்கீடு இல்லாமலே ஜெயிக்கக்கூடியவர்கள் அவர்கள் என்பது முதல் தேர்தலிலேயே தெரிந்துவிட்டது. பறையர், பள்ளர், சக்கிலியர், வள்ளுவர், மாலா, மாதிகா எனப் பல சாதியாருக்கும் சேர்த்து ஐந்தே ஐந்து நியமன உறுப்பினர்கள். அவர்களையும் ஆளுநர்தான் நியமிப்பார். நம் ஓட்டால் ஒருவர் ஜெயிக்கவும் முடியாது, நம் கோபத்தால் ஒருவர் தோற்கவும் முடியாது.

அப்படி நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் எம்.சி. ராஜா. அவர் நீதிக்கட்சியோடு நின்றார். 1922இல் பஞ்சமர், பறையர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று வழங்க வேண்டுமென அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது நீதிக்கட்சி ஆட்சியில்தான். பொதுச் சாலை, கிணறுகளில் எல்லோருக்கும் உரிமை கோரி 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் அதே ஆட்சியில்தான் நிறைவேறியது. இதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மற்றது புளியந்தோப்பு. 1921இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடர் பலர் வேலைக்குப் போனார்கள். வேலைக்குப் போனது சரியா தவறா என்று இன்று வாதிடலாம். சாப்பாட்டுக்கு வேறு வழி இருந்தவனும் இல்லாதவனும் ஒரே வேலைநிறுத்தத்தை ஒரே மாதிரி தாங்க முடியாது என்பது என் எண்ணம். ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆளுங்கட்சித் தலைவர்கள் சிலர் பழியை எங்கே போட்டார்கள் தெரியுமா? தொழிலாளர் துறை ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டிக் கெடுத்துவிட்டது என்று சொன்னார்கள். குடிசை எரிந்தவனுக்கே குற்றப்பத்திரிகை.

அரசு வேலைகளில் வகுப்புவாரிப் பங்கு பேசப்பட்டபோதும் நமக்கெனத் தனிப் பங்கு வைக்கப்படவில்லை. ராஜா தூதுக்குழுவோடு போய் முறையிட்டார். பலன் இல்லை. 1923இல் கட்சியை விட்டே வெளியேறினார். அதே ஆண்டு நவம்பரில், கட்சியிலிருந்து முன்பே பிரிந்த சி.ஆர். ரெட்டி பனகல் அமைச்சரவை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 44, எதிர்ப்பு 65. அரசு தப்பியது. ஆனால் தேர்தலில் வென்ற இடம் 98இல் 44தான் என்பதை மறக்க வேண்டாம். அது நியமன உறுப்பினர்களும் வாக்களிக்கும் அவை. பெரும்பான்மை தேர்தலில் 1923லேயே போய்விட்டது. அவைக்குள் மட்டும் மூன்றாண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

1926இல் நீதிக்கட்சியைத் தலித்துகள் தோற்கடித்தார்கள் என்று நான் சொன்னால் அது வரலாறு ஆகாது. தோற்கடிக்கும் ஓட்டே நம்மிடம் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. இழந்தால் நஷ்டமில்லை என்று ஒரு கட்சி ஒரு மக்களை எண்ணிவிட்டால், அவர்களுக்கு ஓட்டு வரும் நாளுக்காக அது எந்த ஏற்பாடும் செய்யாது. சொத்துள்ளவர் ஓட்டிலேயே ஜெயித்துப் பழகிய கட்சி, அந்த ஓட்டைக் காங்கிரஸ் பங்குபோட வந்ததும் திரும்பிப் பார்த்தது. பின்னால் ஆள் இல்லை. பிராமணரல்லாதார் என்ற பெயர் எல்லாரையும் உள்ளடக்கியது; அந்தப் பெயரில் நடந்த அமைப்பு அப்படி இல்லை.

1930இல் காங்கிரஸ் மறுபடி தேர்தலைப் புறக்கணித்தது, நீதிக்கட்சி மறுபடி ஆட்சிக்கு வந்தது. பாடம் படிக்க அது வாய்ப்பாக இருந்திருக்கலாம். விவசாய விளைபொருள் விலை சரிந்து குடியானவர் திண்டாடிய மந்த காலத்தில் முதல் அமைச்சராக இருந்தவர் பொப்பிலி ராஜா, அவரே பெரிய ஜமீன்தார். அமைச்சர்களின் சம்பளம் மாதம் 4,000 ரூபாய்க்கு மேல். 1937இல் வாக்காளர் எண்ணிக்கை பலமடங்கு பெருகியிருந்தது. பூனா ஒப்பந்தப்படி நமக்கு 30 தனித்தொகுதிகள் வந்திருந்தன. காங்கிரஸ் 215இல் 159 இடங்களை வென்றது. பொப்பிலி ராஜா தம் சொந்த ஊரிலேயே வி.வி. கிரியிடம் தோற்றார்.

தனித்தொகுதி 30இல் 26 காங்கிரசுக்குப் போயின. தலித்துகள் காங்கிரசை நம்பினார்கள் என்பதற்கு இந்த எண்ணைச் சான்றாகக் காட்டுவோரை நான் ஏற்கவில்லை. கூட்டுத் தொகுதியில் வெற்றியை முடிவு செய்தது சாதி இந்துக்களின் ஓட்டு; அம்பேத்கர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் நீதிக்கட்சியை நோக்கி வேறு கேள்வி இருக்கிறது. 17 ஆண்டுகளில் பெரும்பகுதி ஆட்சியில் இருந்த கட்சி, அந்த முப்பது தொகுதிகளில் தன்னுடையது என்று சொல்ல எத்தனை சேரியில் கிளை வைத்திருந்தது?

காங்கிரஸ் பதவி ஏற்கத் தயங்கிய சில மாதங்கள், கே.வி. ரெட்டியின் இடைக்கால அமைச்சரவையில் எம்.சி. ராஜாவுக்கு வளர்ச்சித் துறை கிடைத்தது. ஏப்ரலில் ஏற்ற பதவி ஜூலையில் முடிந்தது. 1938இல் அவர் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். ராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார்; ராஜா மறுத்தார். அந்த மசோதாவை வீழ்த்தியது, 159 பேர் கொண்ட புதிய பெரும்பான்மை.